இருபது விநாடி மட்டும் கேட்டவன்

வகுப்பே ‘பட்டாசு’ என்று கூப்பிடும் பெண்ணுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று கம்ப்யூட்டர் அறையில் அவளுடைய இரண்டு காதும் தக்காளிப்பழமாகிவிட்டன.

திரையில் பள்ளி வேன் ஓட்டும் அக்கா பேசிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பு மல்டிமீடியா பாடத்துக்காகப் பட்டாசு எடுத்த படம் அது. அக்காவுக்குப் பேச்சு திக்கும். “வ... வ... வண்டி” என்று அவர் தடுமாறிய இடத்தை யாரோ வெட்டி, திரும்பத் திரும்ப ஒட்டி, தாளமும் சேர்த்திருந்தார்கள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

“யாரு பண்ணது?”

“நான்தான்!” டிஜே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். எடிட்டிங் அவன் பொறுப்பு. “நாளைக்குப் பெற்றோர் முன்னாடி போட்டா விசில் பறக்கும்!”

“அந்த அக்கா கேமரா பக்கமே வரமாட்டேன்னாங்க. மூணு நாள் கெஞ்சினேன். நாளைக்கு அவங்களும் வர்றாங்கடா!”

“சும்மா காமெடிக்குப்பா...”

பட்டாசு மவுஸைப் பிடுங்கினாள். படம் இருந்த ஃபோல்டரையே மொத்தமாக அழிக்கப் போனாள். ‘அழிக்கலாமா?’ என்று கணினி கேட்டது. அம்புக்குறியை ‘ஆம்’ மேல் கொண்டுபோனாள். ஆனால், அழித்தால் அக்கா பேசியதும் சேர்ந்து போய்விடுமே!

‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு, நாற்காலியைக் கிறீச்சென்று இழுத்துப் போட்டாள்.

“உட்காரு.”

“மணி அடிச்சாச்சு. சாப்பிடணும்...”

“உட்காருன்னேன்!”

அவன் தலையில் ஹெட்போனை மாட்டினாள். வெட்டாத பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். பதினோரு நிமிடம். டிஜே முன்பு கேட்டதோ முதல் இருபது விநாடிதான்.

ஒரு மழைநாளில் வேன் வெள்ளத்தில் நின்றுபோனதை அக்கா சொன்னார். உள்ளே பதினாலு பிள்ளைகள். எல்லாரும் அழ, அக்கா பாட ஆரம்பித்தாராம். “பா... பாடினா எனக்குத் தி... திக்காதும்மா” என்று சொல்லி, பாடியும் காட்டினார். ஒரு இடத்தில்கூடக் குரல் தடுக்கவில்லை.

டிஜே ஹெட்போனை மெல்லக் கழற்றினான். “இதுக்கு அடியில தாளம் எதுவும் வேணாம். அவங்க குரல் மட்டும் போதும்.” பிறகு தயங்கினான். “திக்குற இடத்தை எல்லாம் வெட்டிடட்டுமா? யாருக்கும் தெரியாது.”

பட்டாசுக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது. “எதுக்கு வெட்டணும்? அவங்க பேசுறது அப்படித்தான். நீ பண்ண கோணங்கித்தனத்தை மட்டும் வெட்டு!”

அவன் அதை மட்டும் வெட்டினான்.

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. அக்கா பேசத் தொடங்கியதும் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டிஜே எழுந்தே விட்டான். “ஷ்ஷ்! முழுசாக் கேளுங்க!”

பாட்டு வந்தபோது வேனில் வரும் சின்னப் பிள்ளைகளும் கூடவே பாடினார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

படம் முடிந்ததும் அவர் பட்டாசிடம் வந்தார். “இ... இன்னொரு தடவை போ... போடுவியாம்மா?”

பட்டாசு டிஜேயை முறைத்தாள்.

“என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? போடு!”

கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.