முட்டைக்கு ஒரு குரவை

என் உம்மாவைப் போலக் குரவை போட எங்கள் ஊரில் ஆளில்லை. மகள் என்பதால் நான் சொல்லவில்லை. வேண்டுமானால் காத்தான்குடியில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

குரவை என்றால் தெரியுமா? வாயைக் குவித்து, நாக்கை வேகமாக ஆட்டி, "லுலுலுலுலு" என்று நீளமாக எழுப்பும் ஒலி. கலியாணம் என்றால் குரவை. குழந்தை பிறந்தால் குரவை. வயலில் விளைந்த நெல் வீடு வந்து சேர்ந்தால் குரவை. ஒரு வீட்டில் குரவை கேட்டால் போதும், அக்கம்பக்கத்துப் பெண்கள் போட்டது போட்டபடி ஓடிவந்து, "என்ன புதினம்?" என்று கேட்பார்கள்.

உம்மாவின் குரவை வாவியில் தோணி வலிப்பவர்களுக்கே கேட்கும். அவர்கள் துடுப்பை நிறுத்திவிட்டு, "இது நபீஸாட குரவை!" என்பார்களாம். வாப்பாதான் சொன்னார். வாப்பா பொய் சொல்ல மாட்டார்.

போன மாரி காலத்தில் ஒரு காலை, உம்மா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலப்பக்கமாக ஒழுகியது. வலது கண் மூடவில்லை. முகத்தில் ஒரு பாதி தூங்கிப்போய்விட்டது போல இருந்தது. வாப்பா ஆரையம்பதிக்குப் போய் இளையதம்பிப் பரிசாரியாரை மாட்டுக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"முகவாதம். பயப்படாத தங்கச்சி, திரும்பி வரும்" என்று சொல்லி வைத்தியம் பார்த்தார் பரிசாரியார்.

முகம் திரும்பி வந்தது. ஆனால் வந்த விதம்தான் சரியில்லை. தூங்கிய கன்னம் எழும்பிய கையோடு இறுகிப்போனது. பொழுதுபட்டால் உள்ளேயிருந்து யாரோ கயிறு போட்டு இழுப்பது போல இருக்கிறது என்பார் உம்மா. போதாததற்குக் கண்ணும் வாயும் கூட்டுச் சேர்ந்துகொண்டன. வாய் சிரித்தால் வலது கண் தானாக மூடும். சோறு மென்றாலும் மூடும்.

ஒருநாள் மீன்காரியைப் பார்த்து உம்மா சிரித்தார். கண் மூடிக்கொண்டது. உம்மா கண்ணடித்து ஏதோ இரகசியம் சொல்கிறார் என்று எண்ணிய மீன்காரி, கூடையின் அடியில் ஒளித்துவைத்திருந்த நல்ல மீனை எடுத்துக் கொடுத்துவிட்டாள்!

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து முக்காட்டை இழுத்து வலது கன்னத்தை மூடிக்கொண்டார். சிரிப்பதையும் விட்டுவிட்டார். வீடு வீடாகவே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் றஸீனா சாச்சிக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். சாச்சி உம்மாவின் தங்கை. அவர்களுடைய தாய் எப்போதோ மௌத்தாகிவிட்டதால், சாச்சியைத் தூக்கி வளர்த்ததே உம்மாதான்.

"மாப்பிள வாசலுக்கு வரக்குள்ள முதல் குரவைய ஆயிஷா உம்மா போடட்டும்" என்றார் உம்மா. ஆயிஷா உம்மா எங்கள் அடுத்த வீட்டுக்காரர்.

சாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன வளத்தது ஆயிஷா உம்மாவா? உங்கட குரவை இல்லாட்டி எனக்குக் கலியாணமும் வேணாம், ஒண்டும் வேணாம்!"

அழுதுகொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எதையும் மெதுவாகச் செய்ய உம்மாவுக்குத் தெரியாது. சட்டி கழுவினால் சட்டி பாதியாகத் தேயும். அப்படிப்பட்டவர் என்ன செய்தார் தெரியுமா? அடுப்படிக்குள் போய், தண்ணீர் இல்லாத குடமொன்றை எடுத்து, அதற்குள் வாயை வைத்து, மூச்சைப் பிடித்துக் குரவை போட்டுப் பழகினார். வெளியே கேட்கக்கூடாதாம்!

முதலில் "புஸ்ஸ்" என்று காற்றுத்தான் வந்தது. உம்மா விடவில்லை. இன்னும் பலமாக, இன்னும் பலமாக என்று முயன்றார். திடீரென்று பாதிக் குரவை ஒன்று கீச்சிட்டுக் கிளம்பியது. அதோடு கன்னம் முடிச்சுப் போட்டது போல இழுத்துக்கொண்டது. உம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

வேலிக்கு மேலே ஆயிஷா உம்மாவின் தலை தெரிந்தது. வாய் நிறைய வெற்றிலை.

"என்ன கா நபீஸா, என்ன புதினம்? ஆருக்குப் புள்ள பிறந்திருக்கு?"

"ஒரு புதினமும் இல்ல" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார் உம்மா.

பரிசாரியார் மறுபடி வந்து பார்த்தார். "இப்ப இந்தச் சதை சோர்ந்து கிடக்கல்ல தங்கச்சி, முறுகிக் கிடக்கு. பலவந்தம் பண்ணினா இன்னும் முறுகும். இளஞ்சூட்டுத் தண்ணியில துணிய நனைச்சு வைங்க. மெல்ல மெல்ல, கொஞ்சம் கொஞ்சமா அசைங்க."

"ஓம், ஓம்" என்று தலையாட்டினார் உம்மா. பரிசாரியார் போனதும் என்னைப் பார்த்தார். "கொஞ்சமாக் குரவை போடுறதா? அப்பிடி ஒண்டு இருக்கா புள்ள?"

அப்படி ஒன்று இல்லைதான். ஆனால் இருந்தால் என்ன?

மறுநாள் காலை எங்கள் சிவப்புக் கோழி ஊரைக் கூட்டிக் கொக்கரித்தது. நான் போய்ப் பார்த்தேன். சூடு ஆறாத முட்டை. எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"உம்மா, கோழி முட்டை போட்டிருக்கு. குரவை போடுங்க!"

"உனக்கென்ன பைத்தியமா? முட்டைக்கு ஆராவது குரவை போடுவாங்களா?"

"பெரிய சந்தோசத்துக்குப் பெரிய குரவை. முட்டைக்கு முட்டை அளவு குரவை. கோழிக்கு மட்டும் கேட்டாப் போதும்!"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் மூடிக்கொண்டது. கை முக்காட்டுக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நானும் கோழியும்தானே இருக்கம். வேற ஆர் இருக்கா?"

உம்மா வாயைக் குவித்தார். "லுலு." அவ்வளவுதான். அடுப்பில் கஞ்சி கொதிக்கும் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"இழுக்குதா?"

உம்மா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "இல்லையே!"

அன்று தொடங்கியது என் வேலை. காலையில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து உம்மாவின் கன்னத்தில் வைப்பேன். சாச்சி தன் முகம் பார்க்கும் கண்ணாடியை உம்மாவுக்கு முன்னால் பிடித்துக்கொள்வார். கண் மூடப் பார்த்தால், "கண்ண விடுங்க, வாய் மட்டும்" என்பேன். பிறகு நல்ல புதினம் தேடிப் புறப்படுவேன். முருங்கை பூத்தது, ஒரு குரவை. பூனை எலி பிடித்தது, ஒரு குரவை. தம்பி அசனாருக்குப் பல் விழுந்தது, அதற்கும் ஒரு குரவை. அவன், "நான் குளிச்சிட்டன், எனக்கும் போடுங்க" என்று வந்து நிற்கத் தொடங்கினான். அதைக்கூட நல்ல புதினம் என்றே நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

சில நாள் கன்னம் கல்லாக இருக்கும். அன்றைக்கு, "இண்டைக்கு ஒரு புதினமும் இல்ல உம்மா" என்று சொல்லித் துணியை மட்டும் வைப்பேன். முருங்கை மரம் நிறையப் பூத்திருந்தாலும் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் ஆயிஷா உம்மாவுக்குக் கேட்டுவிட்டது. "என்ன புதினம் கா?"

"பூசணி காய்ச்சிருக்கு!" என்று நான் கத்தினேன்.

ஆயிஷா உம்மா பூசணியைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். கேலி செய்வாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் விடிந்ததும் வேலியடியில் வந்து நின்றார்.

"நபீஸா, எங்கட ஆடு குட்டி போட்டிருக்கு. ரெண்டு குட்டி. கொஞ்சம் பெருசாவே போடலாம் கா!"

உம்மா போட்டார். வேலி தாண்டிப் போய்த் தெரு முனை வரை கேட்டது.

கலியாண நாள் வந்தது. பொழுதுபட்டதும் வாசலில் பெற்றோல்மாக்ஸ் விளக்கு வெளிச்சம் கண்ணைப் பறித்தது. விடிந்ததிலிருந்து அடுப்புப் புகைக்குள் நின்ற உம்மாவின் கன்னம் மறுபடி இறுகிவிட்டது. தூரத்தில் றபான் கொட்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஊர்வலமாக வந்துகொண்டிருந்தார். உம்மாவை மட்டும் காணவில்லை.

அடுப்படியின் மூலையில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றார்.

"ஏலாது புள்ள. இழுக்குது. ஆயிஷா உம்மாட்டச் சொல்லு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வெந்நீர் இருந்தது. பச்சைத்தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து கன்னத்தில் வைத்தேன். உம்மா கண்ணை மூடி மூச்சு விட்டார்.

"இது முட்டையா புள்ள? எவ்வளவு பெரிய சந்தோசம்! எப்பிடிப் போடுவன்?"

"முதல்ல முட்டைக்குப் போடுங்க. மறுகா முருங்கைக்கு. மறுகா ஆட்டுக்குட்டிக்கு. அதுக்குப் பிறகு சாச்சிக்கு."

உம்மா என்னை உற்றுப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

மாப்பிள்ளை வேலிப் படலைக்குள் கால் வைத்தார். குரவை போட வாயைத் திறந்த ஆயிஷா உம்மா, எங்களைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். எல்லாப் பெண்களும் உம்மாவையே பார்த்தார்கள். உம்மா முக்காட்டிலிருந்து கையை எடுத்தார்.

"லுலு."

எனக்கு மட்டும் கேட்டது. அது முட்டை. அடுத்தது கொஞ்சம் நீண்டது, முருங்கை. பிறகு இரண்டு ஆட்டுக்குட்டியும் துள்ளிக்கொண்டு வந்தன. அதற்குப் பிறகு வந்ததே ஒரு குரவை! கூரைக்கு மேலே ஏறி, தென்னைகளைத் தாண்டி வாவிப் பக்கம் போனது. பழைய குரவை போல இல்லை. ஒரு பக்கம் லேசாக நடுங்கியது. அந்த நடுக்கமும் அழகாகத்தான் இருந்தது. வலது கண் இறுக மூடியிருந்தது. அதை யாருக்கும் மறைக்காமல், தலையை நிமிர்த்தி நின்று போட்டார் என் உம்மா.

ஆயிஷா உம்மா சேர்ந்துகொண்டார். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே சாச்சி சிரித்துக்கொண்டே அழுதார். எனக்குப் பெருமை தாங்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம், "அது என்ட உம்மா!" என்று சொன்னேன். அவர்களுக்கு அது தெரியாதா என்ன?

விடிந்ததும் சிவப்புக் கோழி கொக்கரித்தது. உம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். வலது கண் மூடிக்கொண்டது. மெல்ல, முட்டை அளவுக்கு ஒரு குரவை போட்டார்.

வேலிக்கு அப்பாலிருந்து ஆயிஷா உம்மாவின் குரல் வந்தது.

"என்ன கா, முட்டையா?"

"ஓம்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன் நான்.