வண்டி எண் 31846

1957 பிப்ரவரி 12, செவ்வாய். சரக்கு அலுவலகத்தில் பார்த்த சிறிய மாதிரி வண்டியின் எண்ணை நேற்று 318 என்று குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். குற்றச்சாட்டுத் தாளில் 31846 என்று இருக்கிறது. என் கவனக்குறைவு.

டைரியில் எழுதிவிட்டு யசோதா பேனாவை மூடினாள். பகலில் துப்பறிவாளர் சிவசங்கரனின் சித்தூர் அலுவலகத்தில் குறிப்பெழுதும் வேலை, மாலையில் தட்டச்சு வகுப்பு. இரண்டு இடத்திலும் பிழை செய்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

எதிரே வெங்கடம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் கன்னையா, ரயில் பெட்டிகளைக் கோக்கும் தொழிலாளி. சரக்குக் கொட்டகையருகே நின்ற வண்டி உருண்டு ஒரு சுமைக்காரரின் காலை நசுக்கிவிட்டது. பிளாட்பாரப் பக்கம் கைக்கு எட்டும்படி இருந்த பிரேக்கைக் கன்னையா போடவில்லை என்பது குற்றச்சாட்டு. நாளை திருப்பதியில் விசாரணை. வேலை போகும், ஜெயிலுக்கும் போக நேரலாம்.

"அந்தப் பக்கம் பிரேக்கே கெடையாது சார்," என்றாள் வெங்கடம்மா. "செவுத்துப் பக்கம்தான் இருந்திச்சாம், கை பூராது. சக்கரத்துக்குக் கட்டைய அண்டக் குடுத்துட்டுத்தான் வந்தாரு. யாரோ எடுத்துட்டாங்கன்னு சொல்லிக்கினே கீறாரு. அந்த சூபர்வைசர் எத்திராஜ் இன்னா சொன்னான் தெரியுமா? ஆந்திரா எல்லை பிரிச்சதும் மெட்ராஸ் பக்கம் போயி வேல கேளுன்னான்."

உண்மை வண்டியை ரயில்வே பழைய இரும்பாக உடைத்துவிட்டது. மிஞ்சியிருந்தது அதன் சிறு உருவம் மட்டுமே. சரக்குக் குமாஸ்தா கோவர்த்தனன் சீமையிலிருந்து துண்டுகளாக வந்த, கோத்துச் செய்யும் ரயில் பொம்மைக் கிட்டை அறுத்து, ஒட்டி, அதே வண்டிபோல ஒரு வருஷம் முன்பே செய்திருந்தார். அதைச் சாட்சியப் பொருளாக்கியவர் எத்திராஜ். அதில் பிளாட்பாரப் பக்கம் பிரேக் கைப்பிடி இருந்தது.

யசோதா தன் பிழையைச் சொன்னதும், "318-க்குப் பக்கத்தில் என்ன பார்த்தாய்?" என்று சிவசங்கரன் கேட்டார்.

"ஒன்றுமில்லை சார். கைப்பிடிதான் இருந்தது."

"அப்படியானால் நீ பிழை செய்யவில்லை. வா, போகலாம்."

சரக்கு அலுவலகத்தில் எத்திராஜும் கோவர்த்தனனும் இருந்தார்கள். மேஜைமேல் அந்தப் பழுப்பு வண்டி. செய்த விதத்தைக் கேட்டதும் கோவர்த்தனன் முகம் மலர்ந்தது.

"கிட்டுல வந்தது மடக்குக் கதவு சார். நம்ம வண்டிக்குத் தள்ளுக் கதவு. அறுத்துட்டு தகரத்துல புதுசா வெச்சேன். ஒவ்வொரு ஆணியா எண்ணிப் பாத்தேன்."

"வர்ணம் அடித்துவிட்டு ஒட்டுவீர்களா, ஒட்டிவிட்டு அடிப்பீர்களா?"

"ஒட்டிட்டுத்தான். வர்ணத்து மேல பசை நிக்காது. எல்லாம் முடிஞ்ச பின்னாலதான் எண் எழுதறது."

சிவசங்கரன் நகத்தால் கைப்பிடியை நெம்பினார். அது கழன்று விழுந்தது. அடியில் கீறலில்லாத பழுப்பு வர்ணம். அதன்மேல் வெள்ளையில் 46.

"இன்னாய்யா, பசங்க வெளாட்டுச் சாமானை வெச்சுக்கினு சட்டம் பேசறே?" என்றார் எத்திராஜ்.

"சாட்சியம் என்று எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தானே?" சிவசங்கரனின் குரல் உயரவில்லை. "கிட்டில் இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. உண்மை வண்டியில் சுவர்ப் பக்கம் மட்டும்தான். அதனால் இந்தப் பக்கத்துக் கைப்பிடியை நீக்கிவிட்டு வர்ணம் அடித்து எண் எழுதினார் கோவர்த்தனன். இது எண் எழுதிய பிறகு ஒட்டியது. நீக்கிய துண்டு அவரிடம்தான் இருந்திருக்கும்."

கோவர்த்தனன் தலை கவிழ்ந்தது. "போன வாரம் சூபர்வைசர்தான் ஒட்டச் சொன்னாரு. விபத்து அன்னிக்குக் கட்டைய எடுத்து வண்டியத் தள்ளச் சொன்னதும் அவருதான். ஒட்டலன்னா கண்காணாத ஊருக்கு மாத்திடுவேன்னாரு."

எத்திராஜ் எழுந்தார். வாசலை மறித்து நின்றாள் வெங்கடம்மா. அவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

யசோதாவுக்கு ஒன்று விளங்கவில்லை. "ஒட்டுவதற்கு முன்னால் அந்த 46-ஐச் சுரண்டியிருக்கலாமே?"

"மனசு வரலம்மா. எண்ணு சரியா இருந்திச்சு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எண்ணை அழிக்க மனசு வரல. கன்னையாவை அழிக்க வந்துச்சு."

வாக்குமூலம் எழுதக் காகிதத்தைக் கோவர்த்தனன் முன்னால் தள்ளினாள். அவர் எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து வாங்கினாள். கோபம் குறையவில்லை. வீட்டுக்கு வந்து டைரியை மறுபடி திறந்தாள்.

நாளை: காலை ஆறு மணி பஸ்ஸில் வெங்கடம்மாவுடன் திருப்பதிக்கு. வாக்குமூலத்தையும் மாதிரி வண்டியையும் கழன்ற கைப்பிடியையும் பத்து மணிக்குள் விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.