மகன் குரல், விலை முன்னூறு

ஒரு மகனின் குரல் முன்னூறு. பேரம் பேசினால் இருநூற்று ஐம்பதுக்குப் படியும். அழும் குழந்தை ஐந்நூறு, அதில் தள்ளுபடி கிடையாது.

திருட்டு ஃபோன்களிலிருந்து உருவிய குரல் பதிவுகளை அவன் விலைக்கு வாங்குவான். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால், அவன் தட்டச்சு செய்வதையெல்லாம் அது அந்தக் குரலிலேயே பேசும்: "அம்மா, ஆக்சிடென்ட். உடனே பணம் அனுப்பு." தட்டச்சு அவன் வேலை. வந்த பணத்தைப் பத்துக் கணக்குகளில் பிரித்து எடுப்பது கூட்டாளியின் வேலை. அவனுக்குக் கல்லா என்றே பெயராகிவிட்டது. தரவுத் திருட்டுக்கு மூன்று வருஷம், ஆள்மாறாட்டத்துக்கு மூன்று வருஷம் என்று ஒரு வக்கீல் சொன்னபோது, "ரெண்டையும் சேர்த்து எடுத்தா குறைச்சுப்பாங்களா?" என்று கேட்டவன்.

தொழிலில் ஒரே விதி. கூப்பிடும் முன் பட்டியலின் கடைசிக் கட்டத்தைப் பார்க்க வேண்டும்: 'உயிரோடு?' செத்தவன் குரலில் பேசினால் முதல் வார்த்தையிலேயே குட்டு உடைந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை, அவசரத்தில், அவன் பார்க்கவில்லை.

அந்த அம்மா திட்டவில்லை. "வந்துட்டியாடா" என்றாள். கேட்டதற்கு மேலேயே அனுப்பினாள். அதற்கப்புறம்தான் கட்டத்தைப் பார்த்தான். 'இல்லை.'

"செத்தும் சம்பாதிக்கிறான் பாரு," என்றான் கல்லா. "உன்னைவிட நல்ல பிள்ளை."

தினமும் மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டான். சத்தம் வெளியே போகாமல் சுவர் முழுக்கப் பஞ்சு அட்டை ஒட்டிய மாடி அறை. வெயிலில் இளகும் பசையின் வாடை, சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் முனகும் மின்விசிறி, தன் மூச்சே காதுக்குப் பக்கத்தில் வேறு யாருடையதோ போலக் கேட்கும் அமுக்கம். நாலாம் நாள், விரல் விசையைத் தொடும் முன்பே ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள். பதிவில் இருமல் கிடையாது. அன்று சாயங்காலத்திலிருந்து அவன் தொண்டை கரகரத்தது.

ஐந்தாம் நாள் அவன் கைகள் மடியில் இருந்தன. குரல் பேசியது.

"மாத்திரை போட்டியாம்மா?"

"போட்டேன்ப்பா. எப்ப வீட்டுக்கு வருவ?"

"இடம் பார்த்தாச்சும்மா. அங்க இருக்கிறவர் காலி பண்ணணும், அவ்வளவுதான்."

வீட்டில் அவன் எப்போதோ ஏற்பாடு செய்திருந்தான். என் குரலில் யார் கூப்பிட்டாலும் நம்பாதே, வார்த்தையைக் கேள் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தான். 'குடை'. இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. திருடன் வீட்டுப் பூட்டு நல்ல பூட்டாகத்தான் இருக்கும்.

ஆறாம் நாள் கல்லா பணம் எடுக்கப் போயிருந்தான். மூன்று மணி. திரையில் எண் தானாக ஏறியது. அந்த அம்மாவின் எண் இல்லை. அவன் வீட்டு எண்.

"என்னங்க, தொண்டை சரியாயிடுச்சா?" மனைவி.

"சரியாயிடுச்சு." ஸ்பீக்கரில் அவன் குரல். அவனுடையதே. "கதவைத் திறந்து வை. வந்துட்டே இருக்கேன்."

அவள் சிரித்தாள். "வார்த்தையைச் சொல்லுங்க, பார்ப்போம்."

மின்விசிறி மட்டும் முனகியது. அவனுக்கு மூச்சு வந்தது. அதற்குத் தெரியாது. தெரியவே தெரியாது.

"குடை."

மைக்கைப் பிடுங்கினான். கத்தினான். "திறக்காதே!"

வாயிலிருந்து வந்தது அந்த அம்மாவின் மகனுடைய குரல்.

"யாருங்க அது, பக்கத்துல?"

"கூட்டாளி. அவனை விடு. நீ தாழ்ப்பாளை எடு."

தாழ்ப்பாள் விலகும் சத்தம். தெளிவாக.

வயரைப் பிடுங்கினான். ஸ்பீக்கர் நிற்கவில்லை. "குடை எடுத்து வை," என்றது அவன் குரல், கனிவாக. திரையில் பட்டியல் தானாக நகர்ந்தது. கடைசியில் ஒரு புது வரி.

கணவன் குரல். முன்னூறு. உயிரோடு? இல்லை.

அவன் வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை. "கிளம்பிட்டேன்மா," என்றது.

வரிக்குக் கீழே கணக்கு தானாக நிரம்பியது.

வெளியே வந்தது: ஒன்று, மகன். உள்ளே போனது: ஒன்று, கணவன். பாக்கி: இல்லை.