பன்னிரண்டாவது கை

கொத்தனார் சுத்தியலால் தரையில் இரண்டு தட்டு தட்டினார். தரைக்குள்ளிருந்து மூன்று தட்டு வந்தது.

எலி என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து முன்கூடத்துக்கு அடியில் எலி ஓட ஏது பொந்து? கீழே ஒரே பாறை. அதன் மேல் ஓரங்குலக் கலவை, அவ்வளவுதான் தரை. எழுபது வருடத்துக்கு முன், பள்ளி தொடங்கிய அன்று சேர்ந்த பிள்ளைகள் ஈரம் காயுமுன் பதித்த கைகள் அதில் வரிசையாகக் கிடந்தன. இப்போது விரிசல் விட்டுப் பொரிந்துபோயிருந்தது.

"மொத்தம் பதினோரு பிள்ளைங்க," என்றார் பெரிய டீச்சர். பள்ளியின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார் அவர். "பழைய பதிவேட்டுல பேரெல்லாம் இருக்கு. புதுத் தரையில இந்த வருஷப் பிள்ளைங்க கை. உங்க பொண்ணுதான் முதல்ல வைக்கணும். சாயங்காலம் கூட்டிட்டு வாங்க."

"அந்த வாலு கையை வைக்கச் சொன்னா காலையும் சேத்து வைக்கும், டீச்சரம்மா."

சொல்லிவிட்டுக் கொத்தனார் சிரித்தார். மகளுக்கு இங்கே ஓர் இடம் கேட்டு இரண்டு வருடம் நடையாய் நடந்து, இந்த வருடம்தான் வாங்கியிருந்தார். அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் படிக்க நுழைந்ததில்லை, சுவர் பூசத்தான்.

டீச்சர் போனதும் கைகளை எண்ணினார். பன்னிரண்டு.

பன்னிரண்டாவது மட்டும் பள்ளமாக இல்லை. மேடாக இருந்தது. கீழிருந்து யாரோ முட்டியதுபோல் விரல்கள் புடைத்து, நகம்கூடத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தார். தரையெல்லாம் சில்லென்று கிடக்க, அந்த இடம் மட்டும் காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியாகச் சுட்டது.

சொன்னால் வேலை நின்றுவிடும். கிடைத்த இடமும் போய்விட்டால்? வாயை மூடிக்கொண்டு உளியை வைத்தார். பெயர்த்த இடத்தில் வெறும் பாறை. எச்சில் தொட்டு அழித்த சிலேட்டின் வாசனை மட்டும் குப்பென்று எழுந்து, மத்தியானம் முழுக்க அவர் மூக்கை விட்டுப் போகவில்லை.

வெயில் சாய்கையில் புதுக் கலவையைக் கண்ணாடிபோல் இழைத்திருந்தார். நடுவில் ஒரு மேடு எழுந்தது. கரண்டியால் தேய்த்தார். மறுபடி எழுந்தது. தேய்த்தார்.

மனைவி மகளோடு வாசலில் நின்றாள். பெரிய டீச்சரும் வந்தார்.

"நாளைக்கு வச்சுக்கலாமே, டீச்சரம்மா."

"காஞ்சிடும், மேஸ்திரி!"

"என்னங்க நீங்க, இப்பப் போயி..." என்றாள் மனைவி.

மகள் அதற்குள் மண்டியிட்டுக் கையை வைத்துவிட்டாள்.

"அப்பா."

"என்னடா?"

"உள்ள ஒரு பாப்பா என் கையைப் புடிச்சிருக்கு."

பெரிய டீச்சர் சிரித்தார். கொத்தனார் ஓடினார். இடுப்பைப் பிடித்தார். இழுத்தார்.

வரவில்லை.

ஓரங்குலக் கலவை. கீழே பாறை.

மகளின் கை முழங்கை வரை உள்ளே இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே குனிந்தாள். அவள் முகத்துக்கு நேர் கீழே, ஈரத் தரையில், சின்னதாய் ஒரு மூக்கு புடைத்துக்கொண்டு வந்தது.