மாமாவின் கண்ணைத் திறக்கும் வேலை

கம்ப்யூட்டர் வந்தால் வேலை குறையும் என்று எங்கள் அத்தாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார். அந்த ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் உட்கார வைப்பேன். வேறு தண்டனையே வேண்டாம்.

அத்தா என்றால் அப்பா. அவர் பெயர் ரசாக். போத்தனூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். நான் அஃப்ரா, ஏழாவது படிக்கிறேன். என் அண்ணன் ஆஸிம் காலேஜில் படிக்கிறான். காந்திபுரத்தில் ஒரு வாரம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

"மௌசைத் தொடாதே! நீ தொட்டா கெட்டுப்போயிரும்!"

காலையில் எழுந்ததும் அவன் என்னிடம் பேசும் முதல் பேச்சே இதுதான்.

அத்தாவோ கடைக்கு வருகிற எல்லோரிடமும், "நம்ம கம்ப்யூட்டர்ல என்ன வேணும்னாலும் செய்யலாமுங்க" என்று பெருமையடித்தார். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வம்பை விலைக்கு வாங்கினார்.

நாச்சியம்மாள் அக்கா கையில் ஒரு போட்டோவுடன் வந்திருந்தார். அவருடைய பாப்பா கிருபாசங்கருக்கு ஆனைமலைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காது குத்தினார்கள். போட்டோ எடுத்தது அத்தாதான்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அது மாமாவுக்கு உரிய மரியாதை. அக்காவின் அண்ணன் அழகிரிசாமி மாமா பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து, மீசையை முறுக்கிவிட்டு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் சரி. போட்டோவில் கண்ணை மூடியிருந்தார்!

அந்த நேரத்தில் எடுத்த இன்னொரு படமும் கிடையாது. பிளாஷ் மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் காது குத்தி முடிந்துவிட்டது.

"ஏனுங்க பாய், எங்கண்ணன் தூங்கற மாதிரி இருக்குதுங்களே! சீர் சுமந்த களைப்புல மாமன் தூங்கிப்போட்டாருன்னு சொந்தக்காரங்க எல்லாம் ஒரே சிரிப்புங்க. இந்தப் படத்தைச் செவுத்துல மாட்டுனா உங்க ஊட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்னு சொல்லிப்போட்டாருங்க."

அக்கா போட்டோவை மேஜைமேல் வைத்தார். "எனக்குன்னு இருக்கறது ஒரே அண்ணனுங்க."

"இதுக்குப் போயிக் கவலைப்படலாமுங்களா அம்மணி? கம்ப்யூட்டர்ல கண்ணைத் தொறந்துபோடலாமுங்க. சாயங்காலம் அண்ணனையும் கூட்டிட்டு வாங்க" என்றார் அத்தா.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆஸிம் உட்கார்ந்தான். போட்டோவை ஸ்கேனரில் வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிச் சேவ் செய்தான். மாமா விருந்து சாப்பிடும் இன்னொரு படத்தில் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. அதிலிருந்து கண்ணை மட்டும் வெட்டி எடுத்து இதில் ஒட்டினான்.

நான் எட்டிப் பார்த்தேன். பயந்துவிட்டேன்.

அது பாயசத்தைப் பார்த்த கண். இப்போது அதே ஆசையோடு மொட்டைத்தலைப் பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, மாமா பாப்பாவைத் தின்னுருவாரு போல இருக்கு."

"வாயை மூடு!"

கண்ணைச் சின்னதாக்கினான். ஒரு கண் மேலே போனது, இன்னொன்று கீழே வந்தது. அதைச் சரிசெய்து முடிக்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

"சேவ் பண்ணினியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்கு இந்த மாமாவும் வேண்டாம், மாமா கண்ணும் வேண்டாம்! நீயே பண்ணு போ!" என்று கத்திவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கரண்ட் வந்தது. உள்ளே அத்தா யாருக்கோ பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. நான் உட்கார்ந்து, ஆஸிம் முதலில் ஏற்றி வைத்திருந்த படத்தைத் திறந்தேன்.

திரையின் இடது பக்கத்தில் குட்டிக் குட்டிப் படங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கருவியாம். எது எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன்.

பூதக்கண்ணாடி படத்தைப் பெரிதாக்கியது. அவசரத்தில் கூடுதலாக அமுக்கிவிட்டேன். மாமாவின் மூக்குத் துவாரத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் தவித்தேன்.

ரப்பர், மாமாவின் வெள்ளைச் சட்டையில் அதைவிட வெள்ளையாக ஒரு ஓட்டை போட்டது. நல்லவேளை, கடைசியாகச் செய்ததைத் திருப்பி எடுக்க ஒரு வழி இருந்தது. ஆனால் கடைசியாகச் செய்ததை மட்டும்தான்! அதற்கு முந்தையதைத் திருப்பித் தராதாம். இதைச் செய்தவர்கள் தப்பே பண்ணாத ஆட்களோ என்னவோ.

அடுத்தது ஸ்டாம்ப். இது ஓர் இடத்தில் இருப்பதை எடுத்து இன்னோர் இடத்தில் பதிக்கும். எங்கிருந்து எடுத்தேன் என்று கவனிக்காமல் தேய்த்ததில், பாப்பாவின் மொட்டைத் தலையில் மாமாவின் மீசை முளைத்துவிட்டது.

கோபத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஆஸிம் ஸ்கேன் செய்து வைத்திருந்த படத்தை மறுபடி திறந்தேன்.

கண்ணைத் திறக்கிற வேலை நமக்கு ஆகாது, முதலில் தூசியையாவது துடைப்போம் என்று தோன்றியது. ஸ்கேனர் கண்ணாடியை ஆஸிம் துடைக்கவே இல்லை. படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். வானத்தில் இருந்த புள்ளியைப் பக்கத்து வானத்தை வைத்து மறைத்தேன். வாழை இலைப் புள்ளிக்குப் பக்கத்து இலை. மாமாவின் சட்டைக்குச் சட்டை. அட, வருகிறதே!

மாமாவின் கன்னத்தில் ஒரு புள்ளி இருந்தது. ஸ்டாம்பை அங்கே கொண்டுபோனேன்.

மௌஸ் நகரவில்லை.

தட்டினேன். உலுக்கினேன். திட்டினேன். மௌசின் வயிற்றுக்குள் ஒரு உருண்டை உண்டு. அதில் அழுக்குச் சேர்ந்தால் அடம்பிடிக்கும். கழற்றி எடுத்துத் தாவணித் துணியால் துடைத்துக்கொண்டே திரையை முறைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்.

மற்ற புள்ளிகளைப் போல அது இல்லை. அதற்கு மேலே கண்வரைக்கும் ஈரமாக ஒரு கோடு போனது.

அத்தாவின் கை லென்சை எடுத்து, அக்கா கொடுத்த போட்டோவையே பார்த்தேன். மற்ற புள்ளிகள் எதுவும் போட்டோவில் இல்லை. கன்னத்தில் இருந்தது மட்டும் இருந்தது. அப்படியானால் அது ஸ்கேனர் தூசி இல்லை.

கண்ணீர்!

பூதக்கண்ணாடியை இந்த முறை நிதானமாக அமுக்கினேன். மாமா கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பாப்பாவின் குட்டிப் பாதத்தை இறுக்கிப் பிடித்திருந்தார். பாப்பா வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தது. மாமா தூங்கவே இல்லை. பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்!

இவரைப் போயா எல்லோரும் கேலி செய்தார்கள்?

அதுவரை தொடாத கருவி ஒன்று மிச்சம் இருந்தது. வேண்டிய இடத்தைச் சுற்றிச் சட்டம் போட்டால், வெளியே இருப்பதை வெட்டிவிடும். வேடிக்கை பார்ப்பவர்கள் போனார்கள். சீர்த் தட்டுகள் போயின. மாமாவும் பாப்பாவும் மட்டும் பெரிதாக நின்றார்கள். உடனே சேவ் செய்தேன்!

பிரிண்டரிலிருந்து வந்த படத்தைப் பார்த்து அத்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்கண்ணு, கண்ணைத் தொறக்கச் சொன்னா மூடியே வெச்சிருக்கறே?"

"நல்லாப் பாருங்க அத்தா."

பார்த்தார். கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ஆனால் எனக்கு ஒரு புதுக் கவலை வந்துவிட்டது. தூங்கினார் என்று சிரித்தவர்கள், அழுதார் என்றால் இன்னும் சிரிப்பார்களோ? அவ்வளவு பெரிய மீசைக்காரர். அவர் கண்ணீரை ஊருக்குக் காட்ட நான் யார்?

சாயங்காலம் நாச்சியம்மாள் அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே மாமா. முகம் உர்ரென்று இருந்தது.

"படம் எங்க கண்ணு?" என்று அக்கா கை நீட்டினார்.

நான் படத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "முதல்ல மாமா மட்டும் பாக்கட்டுங்க அக்கா."

மாமாவைக் கம்ப்யூட்டர் பக்கம் கூப்பிட்டுப் படத்தைக் கொடுத்தேன். மெதுவாகச் சொன்னேன். "உங்க கன்னத்துல இருக்கறது தூசின்னு நெனச்சு அழிக்கப் போயிட்டனுங்க. வேண்டாம்னா சொல்லுங்க மாமா, இப்பவே அழிச்சுடறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன்."

மாமா படத்தையே பார்த்தார். மீசை லேசாக ஆடியது.

"அழிச்சா தெரியாதுங்களா அம்மணி?"

"தெரியாதுங்க."

அந்த நேரத்தில் பாப்பா அவரைப் பார்த்துத் தாவியது. காதில் புதுத் தோடு மின்னியது. மாமா பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தானாகவே படத்தைத் தங்கையிடம் நீட்டினார்.

"இந்தா, இதையே மாட்டு."

அக்கா பார்த்தார். "அண்ணா! நீங்க அழுதீங்களா? சொல்லவே இல்லீங்களே! தூங்கிப்போட்டீங்கன்னு நானும் சேந்து சிரிச்சனே!"

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்லே" என்று மாமா அந்தப் பக்கம் திரும்பிக் கைக்குட்டையை எடுத்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "ஏனுங்க பாய், கடையைக் கூட்டறதே இல்லீங்களா? ஒரே தூசிங்க!"

அத்தா பதறிப்போய் விளக்குமாற்றைத் தேடி ஓடினார். இந்த அத்தாவை என்னதான் செய்வது!

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க அத்தா, அந்தத் தூசி இருக்கட்டும்."