அப்பாவின் கழுத்தில் விக்கல் மாபெல்

மிலிக்கு வந்த கோபத்தில் காது இரண்டும் சிவந்துவிட்டன. ஆனால் கத்த முடியாது. அப்பாவுக்கு அன்றுதான் வேலையில் முதல் நாள்.

அப்பா ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் புதுத் தொப்பியும் புதுச் சிரிப்புமாக நின்றார். அவர் கழுத்துப் பட்டையில் வரிசையாகப் பேட்ஜ்கள் மின்னின. எல்லாம் பூங்கா கொடுத்தவை, நடுவில் இருந்த ஒன்றைத் தவிர. அது மிலியுடையது.

"அப்பா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள் மிலி. "என்னோட விக்கல் மாபெல் உங்க கழுத்துல என்ன பண்றா?"

அப்பா குனிந்து பார்த்தார். "இதுவா? காலையில மேசைமேல தனியா கிடந்துச்சு. உன்கிட்ட ரெண்டு இருக்கும்போலன்னு நெனச்சேன். கழுத்துல ஒண்ணாவது அழகா இருக்கட்டுமேன்னு..."

"ஒண்ணே ஒண்ணுதான்பா இருக்கு! தொலையக்கூடாதுன்னுதான் தனியா வெச்சேன்!"

அப்பாவின் புதுச் சிரிப்பு காணாமல் போனது.

எங்கள் டம்பிள்பே பூங்காவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ராட்டினத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் வருவது பேட்ஜ் மாற்ற. அதற்கு ஒரு சட்டம் உண்டு. பூங்கா ஊழியர் கழுத்தில் தொங்கும் எந்தப் பேட்ஜையும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். பதிலுக்கு இன்னொரு பூங்கா பேட்ஜைக் கொடுத்தால் போதும், எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும் சரி. ஊழியர் மறுக்கவே கூடாது. சிரித்த முகத்தோடு கொடுக்க வேண்டும்.

மாபெல் என்பது பூங்காவின் செல்லக் கடற்பசு. அந்தக் கோடைக்கு 'மாபெலின் ஒரு நாள்' என்று ஆறு பேட்ஜ்கள் வெளியிட்டிருந்தார்கள். தூங்கும் மாபெல், பல் தேய்க்கும் மாபெல் என்று ஐந்து எளிதாகக் கிடைத்துவிடும். ஆறாவதான விக்கல் மாபெல்தான் லேசில் கிடைக்காது. ஆறையும் காட்டினால் மாலைப் படகில் முன்வரிசை, கூட ஒருவரை அழைத்துப் போகலாம், எல்லாவற்றுக்கும் மேலாகப் படகின் ஹார்னை அடிக்கலாம்!

அந்த ஹார்ன் மேல் மிலிக்கு மூன்று வயதிலிருந்தே ஒரு கண். அந்தச் சலுகைக்கு அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்குப் படகு. அவள் கழுத்துப் பட்டையில் ஐந்து மாபெல்களும், மாற்றுவதற்கென்று கொண்டுவந்த ஒரு தவளையும் இருந்தன.

"கழட்டிக் குடுத்துடுங்கப்பா."

அப்பாவின் கை மெல்லக் கழுத்துக்குப் போனது.

"எஃப்ராயின்!" என்று அப்பாவை அதட்டியது ஒரு குரல். மேற்பார்வையாளர் ப்ரூயிட், காதில் பேனாவும் முகத்தில் சந்தேகமுமாக வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். "கழுத்துல ஏறிட்டா அது விருந்தாளிங்க சொத்து. கழட்டக்கூடாது."

"அப்ப நானே மாத்திக்கிறேன் சார்," என்று மிலி தவளையை நீட்டினாள்.

"வீட்டு ஆளுங்களோட மாத்தவும் கூடாது. நீ இவர் பொண்ணுதானே?"

"இல்ல சார். யாருன்னே தெரியாது."

ப்ரூயிட் அவள் மூக்கைப் பார்த்தார். அப்பாவின் மூக்கைப் பார்த்தார். பிறகு 'முடியாது' என்று தலையை ஆட்டினார்.

மிலி, கூட வந்திருந்த அத்தையிடம் ஓடினாள். அத்தை நிழலில் ஒரு பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு, வறுத்த வாழைக்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்க போய்க் கேளுங்களேன்!"

"எனக்கு மட்டும் என்ன வேற மூக்கா இருக்கு? அந்தாளு பத்தடி தூரத்துலயே பிடிச்சிடுவான். வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஆளாப் பாருடி."

அந்த நேரம் பார்த்து, பேட்ஜ் சட்டைக்காரி ஒருத்தி ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் வந்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை பேட்ஜ்கள். நடந்தால் பாத்திரக்கடை நடந்து வருவதுபோல் சத்தம். அவளைப் பார்த்ததும் அப்பா ஐஸ்கிரீம் பெட்டிக்குள் தலையை விட்டார். அவள் காத்திருந்தாள். அப்பா நிமிரவில்லை. கடைசியில் அவள், "அப்புறமா வரேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா மூக்கு நுனி விறைக்க வெளியே வந்தார்.

இனி நேரமில்லை. மிலி சுற்றிலும் பார்த்தாள். பேட்ஜ் கடைக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஒரு பையன் நின்றான். ஏழு வயதிருக்கும். பக்கத்தில் அவன் அம்மா, கைக்குழந்தையோடு. அவன் பெயர் ஓட்டிஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த எதுவும் அவனுக்குக் கிடைக்கப் போவதில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"இந்தத் தவளை உனக்கு வேணுமா?" என்றாள் மிலி.

"எனக்கா? சும்மாவா?"

"உனக்குத்தான். இதை வெச்சு மாத்தலாம், தெரியுமா? அதோ அந்த ஐஸ்கிரீம்காரர்கிட்டப் போ. தொடக்கூடாது, விரலால காட்டணும். நடுவுல விக்கல் எடுக்கிற கடற்பசு இருக்கும். 'அது வேணும், ப்ளீஸ்'னு சொல்லு."

ஓட்டிஸ் போனான். விரலை நீட்டினான். விரல் முதலில் ராட்டினம் போட்ட பேட்ஜைக் காட்டியது. பிறகு மெல்ல நகர்ந்து ஒரு பேய் வீட்டில் நின்றது. அப்பா தொண்டையைச் செருமி, நெஞ்சை முன்னால் தள்ளினார். விரல் ஒரு குடைப்பக்கம் போனது. அப்பா இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

"எஃப்ராயின், முதுகு வலியா?" என்று கேட்டார் ப்ரூயிட்.

"அது வேணும், ப்ளீஸ்," என்றான் ஓட்டிஸ். விக்கல் மாபெல்! அப்பா அன்று முழுவதும் சிரிக்காத பெரிய சிரிப்பைச் சிரித்து அதைக் கழற்றிக் கொடுத்தார்.

மிலி கையை நீட்டிக்கொண்டு ஓடினாள். "சூப்பர்! குடு!"

ஓட்டிஸ் பேட்ஜை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "எதுக்குக் குடுக்கணும்?"

மிலி தலையில் அடித்துக்கொண்டாள். அத்தனையும் சொல்லிக்கொடுத்திருந்தாள். 'அப்புறம் என்கிட்டக் குடு' என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"தவளை எனக்குத்தான்னு நீ சொன்னே. நான்தானே கேட்டேன்? என்கிட்டத்தானே குடுத்தாரு?" என்றான் ஓட்டிஸ்.

எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

மிலி பதில் யோசிப்பதற்குள் அவன் ஓடிவிட்டான். பேட்ஜ் மாற்றிப் பழகிய புதுக் கையை நிறுத்த முடியுமா? குப்பை கூட்டும் கிளாடிஸ் அம்மாவின் கழுத்தைப் பார்த்தான். "அது வேணும், ப்ளீஸ்!" விக்கல் மாபெலைக் கொடுத்துவிட்டு ஒரு வானவில்லை வாங்கினான். அடுத்து பலூன்காரர். "அது வேணும், ப்ளீஸ்!" வானவில் போய் ஒரு பேய் வந்தது. அதோடும் நிற்காமல் ரயில் வண்டிப் பக்கம் பறந்தான்.

மிலி கிளாடிஸ் அம்மா முன்னால் மூச்சிரைக்க நின்றாள். "அந்த விக்கல் மாபெல்..."

"தாராளமா எடுத்துக்கோ கண்ணு. பதிலுக்கு என்ன குடுக்கப் போற?"

மிலி தன் பட்டையைப் பார்த்தாள். மிச்சம் இருந்தது ஐந்து மாபெல்கள்தான். அதில் ஒன்றைக் கொடுத்து ஆறாவதை வாங்கினால், மறுபடியும் ஐந்துதான்.

"சும்மா குடுக்க முடியாதா?"

"குடுத்தா என்னையும் துடைப்பத்தையும் சேர்த்து வெளியே அனுப்பிடுவாங்க. ஓடு, ஏதாவது ஒண்ணு கொண்டா. மட்டமா இருந்தாலும் பரவாயில்ல. நான் இங்கேயே மெதுவாக் கூட்டிட்டு இருக்கேன்."

தூரத்தில் பாத்திரக்கடைச் சத்தம் கேட்டது. பேட்ஜ் சட்டைக்காரி இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தாள்.

ரயில் நிலையப் படியில் ஓட்டிஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு சாம்பல் நிறப் பேட்ஜ். அதில் ஒரு கம்பம். கம்பத்தில் 'வாகன நிறுத்தம் சி' என்று எழுதியிருந்தது.

"பளபளன்னு இருந்துச்சு. வாங்கினப்புறம்தான் பார்த்தேன்," என்றான். "இதை யாராவது வாங்குவாங்களா?"

'ஐயோ பாவம், நான் வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன்' என்று சொன்னால் போதும், உடனே கொடுத்துவிடுவான். மிலிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

"கிளாடிஸ் அம்மா வாங்குவாங்க," என்றாள். "அவங்க மறுக்கக்கூடாது. அதை எனக்குக் குடுத்தா என் விக்கல் மாபெல் எனக்குக் கிடைச்சிடும்."

ஓட்டிஸ் யோசித்தான். "அப்ப நானே போய் வாங்கிக்கலாமே?"

மிலி தலையாட்டினாள். "வாங்கிக்கலாம்."

"உனக்கு ஏன் அது வேணும்?"

மிலி படகைப் பற்றிச் சொன்னாள். ஹார்னைப் பற்றிச் சொன்னாள். "என்கிட்ட மாத்த வேற ஒண்ணும் இல்ல. பக்கத்து சீட்டு ஒண்ணு இருக்கு. அத்தைக்குப் படகுன்னாலே வாந்தி வரும். நீ வரியா?"

"ஹார்ன் அடிக்கலாமா?"

"ஆளுக்கு ஒரு தடவை."

ஓட்டிஸ் பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அரை மணி நேரத்தில் அவன் பெரிய வியாபாரியாகிவிட்டிருந்தான். "எனக்கு ரெண்டு தடவை. உனக்கு ஒரு தடவை. முதல்ல நான்."

"அநியாயம்!"

"அப்ப நானே போய்..."

"சரி, சரி! ரெண்டு!"

இருவரும் ஓடினார்கள். கிளாடிஸ் அம்மா ஒரே இலையை முன்னும் பின்னுமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். பேட்ஜ் சட்டைக்காரி அவள் கழுத்துப் பட்டையை நோக்கிக் குனிந்து, விரலைத் தூக்கிவிட்டாள்.

"அது வேணும், ப்ளீஸ்!" என்று தூரத்திலிருந்தே கத்தினாள் மிலி.

விரல் அந்தரத்தில் நின்றது. கிளாடிஸ் அம்மா 'வாகன நிறுத்தம் சி'யை, கிடைக்காதது கிடைத்ததுபோல் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள்.

படகுத்துறையில் ஆறு மாபெல்களையும் எண்ணிப் பார்த்த படகோட்டி அம்மா, கதவைத் திறந்துவிட்டாள். ஓட்டிஸின் அம்மா கைக்குழந்தையோடு கரையில் நின்று கையாட்டினாள்.

முதலில் ஓட்டிஸ். "பீப்!" தன் சத்தத்துக்குத் தானே பயந்து கையை எடுத்தான். பிறகு இன்னொரு சின்ன "பீப்!" அவ்வளவுதான், இரண்டும் தீர்ந்துவிட்டன.

மிலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். ஹார்னை அழுத்தினாள்.

"போ...ஓ...ஓ...ஓ..."

படகு துறையை விட்டு நகர்ந்தது. ஹார்ன் நிற்கவில்லை. வாத்துகள் கூட்டமாகப் பறந்தன. அத்தை பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டாள். ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் ப்ரூயிட் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அப்பா மட்டும் ஒரு கோனைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டியதில், ஐஸ்கிரீம் அவர் தொப்பியிலேயே விழுந்தது.

"ஏய்!" என்று ஹார்னுக்கு மேல் கத்தினான் ஓட்டிஸ். "உனக்கு ஒரு தடவைதான்!"

"ஒரு தடவைதானே அடிக்கிறேன்!" என்று திருப்பிக் கத்தினாள் மிலி. "இன்னும் முடியலையே!"

படகு பாலத்தைத் தாண்டும்வரை அவள் கையை எடுக்கவே இல்லை.