ஏங்க

கோட்டை வாசல் படிக்கட்டில் கணவரின் ஷூக்கள் மட்டும் இருந்தன. உள்ளே காலுறைகள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவரைக் காணவில்லை.

“புது ஷூ கடிக்குதும்மா. நீ போய் உன் இடிஞ்ச சுவரையெல்லாம் பாத்துட்டு வா, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்” என்று சொன்னவர்தான். “யாராச்சும் பாவம்னு காசு போட்டா பத்திரமா வைங்க” என்று கேலி செய்துவிட்டுத் தனியாகக் கிளம்பியவள், அந்தப் பழைய நகரத்தின் சந்துகளில் ஆசை தீரச் சுற்றிவிட்டு இப்போதுதான் திரும்பியிருந்தாள். அவளுடைய ஃபோனும் அவர் பையில். பாஷை தெரியாத ஊர். இருட்டியதும் கோட்டைக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அவரைத் தேடி மறுபடியும் சந்துக்குள் நுழைந்தாள். ஈரக்கல்லின் வாடையும் நெடுநாள் பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தாற்போன்ற புழுக்கமும் முகத்தில் அடித்தன. இருபுறமும் உயர்ந்த வீடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து, வானத்தைச் சாம்பல் நிற நாடாவாக ஒடுக்கியிருந்தன. மூடிய மரச்சன்னல்களுக்குப் பின்னால் யாரோ நாற்காலியை இழுப்பதுபோல ஒரு சத்தம் அவளோடு கூடவே வந்தது, அவள் நின்றால் நின்றது.

“ஏங்க!” என்றாள்.

“என்ன?”

அவர் குரல். மேலே, ஒரு சன்னலிலிருந்து. போன உயிர் திரும்பி வந்தது.

“அங்க என்ன பண்றீங்க, வெறுங்காலோட?”

“மேல வா.”

எதிர்வீட்டுச் சன்னலும் அதே குரலில் சொன்னது. “மேல வா.” அதற்கடுத்த வீடும். சந்தின் கடைசிவரை, ஒவ்வொரு சன்னலாக.

‘ஏங்க’ என்றால் யார் வேண்டுமானாலும் ‘என்ன’ என்று கேட்கலாமே. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பாள் அம்மா. “அப்ப ஆபீஸ்ல கூப்பிடுறவனெல்லாம் என்னைக் கொல்றானா?” என்று அவர் சிரிப்பார்.

கண்ணை மூடிக்கொண்டு அவர் பெயரைச் சொன்னாள். உரக்க.

சன்னல்கள் அடங்கின.

காலடியில், சாக்கடையின் இரும்புக் கம்பிகளுக்குக் கீழேயிருந்து ஒரு குரல்.

“சொல்லாத!”

அதற்கு மூச்சு வாங்கியது. அது நடுங்கியது. சன்னல் குரல்கள் எதுவும் நடுங்கவில்லை. இதுதான் அவர்.

மண்டியிட்டாள். கம்பிகளுக்கிடையே கையை விட்டாள். குளிர்ந்த விரல்கள் அவள் விரல்களைப் பற்றின.

“அதுங்களுக்கு என் பேரு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு.”

மேலே ஒரு சன்னல் திறந்தது. அவர் பெயரைக் கூப்பிட்டது. அவளுடைய குரலில். அன்பாக.

இன்னொன்று. இன்னொன்று.

பற்றியிருந்த விரல்கள் தளர்ந்தன.

“தோ, வந்துட்டேன்மா” என்றார் அவர். அவளிடம் அல்ல.

“நான் இங்க இருக்கேன்! போகாதீங்க!”

அலறினாள். அந்தச் சந்து முழுவதும் அவள் குரல்தான். எது அவளுடையது?

கல்லுக்கு அடியில் வெறுங்கால்கள் தடதடவென்று ஓடின. கூப்பிட்ட பக்கமாக.